தோலில் ஒரு தோடு

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் சிங்கத் தூண்களைப் பார்ப்பார்கள். சுற்றுச் சுவரை ஒட்டி வரிசையாக நிற்கும் சிறு சன்னிதிகளைப் பார்ப்பார்கள். நீங்கள் அடுத்த முறை போகும்போது சிற்பங்களின் காதுகளைப் பாருங்கள். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்லவ மன்னன் இராஜசிம்மன் காலத்தில் செதுக்கப்பட்ட மணற்கல் உருவங்கள் அவை. பலவற்றில் காதுச் சோணை, அதாவது காதின் அடியில் தொங்கும் மெத்தென்ற பகுதி, நீண்டு தொங்குகிறது. அதில் கனத்த குண்டலம்.

இதைச் சிற்பியின் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். காதுச் சோணையில் எலும்பு கிடையாது. காதின் மேற்பகுதியில் இருக்கும் குருத்தெலும்பும் அங்கே கிடையாது. தோல், கொழுப்பு, கொஞ்சம் நார்த்திசு, அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் எடையைத் தொங்கவிட்டால் அது இறங்கும். தென் மாவட்டங்களில் பாம்படம் அணிந்த பாட்டிமார்களின் படங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

காதுக்கு எடையில்லாத அணி வேண்டும் என்ற எண்ணமும் நம் நாட்டில் பழையதுதான். பனை ஓலையைச் சுருட்டிக் காதில் செருகிக்கொள்வது ஒரு காலத்தில் பரவலான வழக்கம். ஆடிப்பெருக்கன்று ஆற்றுக்குக் கொடுக்கும் 'காதோலை கருகமணி'யில் அந்த ஓலை இன்னும் இருக்கிறது. 'தோடு' என்ற சொல்லுக்கே பூவிதழ், ஓலை என்ற பொருள்களும் உண்டு.

இன்று கைவினைப் பொருள்கள் செய்வோர் ஓலைக்குப் பதிலாகத் தோலை எடுத்துக்கொள்கிறார்கள். இலை போல, இறகு போல வெட்டிய பெரிய தோல் தோடுகளைக் கண்காட்சிகளில் பார்த்திருப்பீர்கள். ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 சதுர செ.மீ. பரப்பும் 1.5 மி.மீ. தடிமனும் உள்ள ஓர் இலையின் கன அளவு 1.5 கன செ.மீ. பொன்னின் அடர்த்தி 19.3. ஆகவே அந்த இலையைப் பொன்னில் செய்தால் 29 கிராம், மூன்றரைப் பவுனுக்கு மேல்! பித்தளையில் செய்தால் ஏறத்தாழ 13 கிராம். பட்டை கொண்டு பதனிட்ட தோலின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றுக் குறைவு. எனவே தோல் இலையின் எடை ஒன்றரை கிராமைத் தாண்டாது.

எடைக் கணக்கு சரிதான். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தோல் என்பது ஓர் ஆட்டின் உடலில் இருந்தது. இறைச்சிக் கடையில் உரித்துப் போட்ட தோல் இரண்டே நாளில் நாறத் தொடங்கும். அதே தோல் காதில் ஆண்டுக்கணக்கில் எப்படி அழுகாமல் தொங்குகிறது?

மூன்று இழைப் பின்னல்

ஆட்டின் பச்சைத் தோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் உறுதி தருவது இதுவே. கொலாஜன் இழைகள் சேர்ந்து நுண்ணிய நார்களாகவும், நார்கள் சேர்ந்து கற்றைகளாகவும், கற்றைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய ஒரு பாய் போலவும் தோலில் அமைந்திருக்கின்றன. நெசவுத் துணியில் பாவு, ஊடை என்று இரு திசைகள்தான். தோலில் எல்லாத் திசைகளிலும் நார் ஓடுகிறது. அதனால்தான் தோலை வெட்டினால் விளிம்பில் நூல் பிரிவதில்லை. ஓரம் மடித்துத் தைக்காமல் ஒரு தோட்டை வெட்டி எடுக்க முடிவதும் இதனால்தான்.

அந்த ஒற்றைக் கொலாஜன் மூலக்கூறு எப்படி இருக்கும் என்பது சென்னையில் தெரியவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராக 1952-இல் பொறுப்பேற்ற ஜி.என். இராமச்சந்திரனுக்கு அப்போது வயது 30. அவரும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் வழியே எக்ஸ் கதிர்களைச் செலுத்திக் கிடைத்த படங்களை ஆராய்ந்தார்கள். ஆய்வுக்குத் தூய கொலாஜன் வேண்டுமே! அருகிலேயே, அடையாற்றில் 1948-இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கிடைத்தது கங்காரு வாலின் தசைநாண்! 1954-இல் 'நேச்சர்' இதழில் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது. கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது. மூன்றும் கயிறு போல ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்றார்கள். அடுத்த ஆண்டே அதை மேலும் திருத்தி வெளியிட்டார்கள். தோல் ஆராய்ச்சி நிலையத்தின் கலையரங்கத்துக்கு இந்த மூவிழைச் சுருளின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

மூன்று இழைகளும் இவ்வளவு நெருக்கமாக முறுக்கிக்கொள்ள இடம் வேண்டும். ஒவ்வோர் இழையிலும் மூன்றாவதாக வரும் அமினோ அமிலம் கிளைசினாக இருப்பதால்தான் அது முடிகிறது. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது கிளைசின். அதன் கிளையில் ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுதான் இருக்கிறது. முறுக்கின் உட்புறத்தில் வேறு எதற்கும் இடமில்லை.

காஞ்சிபுரத்து மாணவர்களுக்கு இங்கே ஒரு செய்தி. உங்கள் தெருவில் தறியில் ஓடும் பட்டு நூலும் புரதம்தான். அதன் பெயர் ஃபைப்ராயின். அதில் கிளைசின் இன்னும் அதிகம், ஏறக்குறையப் பாதி! பட்டும் தோலும் இப்படி நெருங்கிய உறவு. ஆனால் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. கச்சாப் பட்டு நூலைச் சோப்பு நீரில் கொதிக்க வைத்துத்தான் அதன் மேலிருக்கும் பசையை நீக்குகிறார்கள். நூலுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே கொதிநீரில் ஒரு துண்டு ஆட்டுத் தோலைப் போட்டால் சுருண்டு, சிறிது சிறிதாகக் கரைந்து, கடைசியில் கோந்தாகிவிடும். பட்டில் புரதச் சங்கிலிகள் தாள்களை அடுக்கியது போல இறுக அடுங்கியிருக்கின்றன. நடுவே தண்ணீர் புக வழியில்லை. தோலின் நார்களுக்கிடையே எங்கும் தண்ணீர். தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் பாக்டீரியாக்கள் வரும். அவற்றின் நொதிகள் இழைகளை வெட்டித் தின்னும். ஏறத்தாழ 65 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திலேயே ஈரமான பச்சைத் தோலின் முறுக்கு அவிழ்ந்துவிடும்.

சரி, தண்ணீரை விரட்டிவிட்டால் போதாதா? வெயிலில் காயவைத்தால்? அதையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மிருதங்கத்தின் தோல் அப்படிப்பட்டதுதான். அது பதனிடப்படாத, உலர்ந்த தோல். உலரும்போது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விறைத்துப்போகின்றன. தட்டினால் நன்றாக ஒலிக்கும். ஆனால் மடித்தால் மடங்காது. ஈரம் பட்டால் இளகும். நனைந்தே கிடந்தால் மறுபடி அழுகும். நாத வாத்தியத்துக்கு ஏற்றது தோட்டுக்கும் செருப்புக்கும் ஏற்றதல்ல.

ஆவாரம்பட்டையின் வேலை

தண்ணீர் இருந்த இடத்தில் அழுகாத வேறொன்றை நிறுத்த வேண்டும். அது நார்களை ஒன்றோடொன்று ஒட்டவும் விடக்கூடாது, ஓடவும் விடக்கூடாது. இதுதான் தோல் பதனிடுதல்.

பிஞ்சுக் கொய்யாவைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்னும் பொருள். அது எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. வாயின் வழவழப்பு போய்விடுகிறது. டானின் மூலக்கூறு பெரியது. அதன் உடலெங்கும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தோலுக்குள் நுழைந்ததும் ஒரு கையால் ஓர் இழையையும் இன்னொரு கையால் பக்கத்து இழையையும் பற்றிக்கொள்கிறது. ஒரு பிடி வலிமையற்றதுதான். ஆனால் ஆயிரக்கணக்கான பிடிகள் சேர்ந்தால்? நொதிக்கு உள்ளே நுழைய வழியில்லை.

இதை வீட்டிலேயே காணலாம். கேக் செய்வதற்கு விற்கும் ஜெலட்டின் தூளை வெந்நீரில் கரையுங்கள். ஜெலட்டின் என்பது கொதித்துப் பிரிந்த கொலாஜனேதான். அது ஆறியபின், பால் கலக்காத, ஆறிய, கடுந்தேயிலைச் சாற்றை அதில் கொஞ்சம் ஊற்றுங்கள். தெளிந்த கரைசல் கலங்கிவிடும். தேயிலையின் டானினும் ஜெலட்டினும் கைகோத்துக் கரைசலிலிருந்து வெளியேறிவிட்டன. 200 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி ஜெலட்டினைக் கொண்டுதான் எந்தப் பட்டையில் எவ்வளவு டானின் என்று சோதித்தார். 1803-இல் வெளியிட்ட கட்டுரையில், இந்தியாவிலிருந்து போன காசுக்கட்டியில் டானின் மிக அதிகம் என்று கண்டு எழுதினார். வெற்றிலையோடு நம் பாட்டிமார் மென்றது!

தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் பேர்போனது ஆவாரை. பொட்டல் காட்டில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் அதே செடிதான். உரித்த தோலை உப்பிட்டுக் காப்பார்கள். பிறகு ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போடுவார்கள். சுண்ணாம்பு மயிரைத் தளர்த்தும், நார்க் கற்றைகளை விரித்தும் கொடுக்கும். உட்புறச் சதையைச் சீவி, சுண்ணாம்பைக் கழுவிப் போக்கியபின் ஆவாரம்பட்டைச் சாறு. முதலில் நீர்த்த சாறு, பிறகு வரவரக் கெட்டியான சாறு. எடுத்த எடுப்பிலேயே கெட்டிச் சாற்றில் போட்டால் மேல்பரப்பு மட்டும் பதமாகி வாசலை அடைத்துவிடும். உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். குழியில் போட்டுச் செய்த காலத்தில் இதற்குப் பல வாரங்கள் ஆயின. கடைசியில் கடுக்காய்ச் சாறு. ஆவாரம்பட்டைத் தோல் வெளிச்சம் பட்டுச் சிவந்துபோகாமல் கடுக்காய் காக்கும். இப்படிச் செய்த தோல் 19-ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலண்டன் சந்தைக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று. கிழக்கிந்தியத் தோல் என்று பெயர். இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனால் பின்னாளில் ஆவாரைக்குப் பதில் வாட்டில் மரப்பட்டையே மிகுதியாகப் பயன்படலாயிற்று.

நீர்த்த சாறு முதலில், கெட்டிச் சாறு பிறகு என்று கண்டுபிடித்தது யார்? எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. தோல் வேலை செய்தவர்களைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஊருக்கு வெளியே நிறுத்திய சமுதாயம், அவர்கள் கையில் இருந்த வேதியியலைப் பார்க்கவே இல்லை. அவர்கள் செய்த செருப்பை மட்டும் போட்டுக்கொண்டது.

நீல நிறத் தோல்

1858-இல் ஜெர்மானிய வேதியியலார் பிரீட்ரிக் நாப், குரோமிய உப்புகளும் தோலைப் பதனிடும் என்று காட்டினார். 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1890களில் அது இன்னும் எளிமையாயிற்று. சென்னைக்கு இதைக் கொண்டுவந்தவர் கலைத்தொழில் பள்ளியின் தலைவராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இங்கே சோதனைகளைத் தொடங்கினார். வாரக்கணக்கில் ஆன வேலை ஒரே நாளில் முடிந்தது. குரோமிய அயனி சிறியது. விரைந்து உள்ளே போகும். கொலாஜனின் அமிலக் கிளைகளோடு அது ஏற்படுத்தும் பிணைப்பு டானினுடையதைவிட மிக வலிமையானது. பட்டையால் பதனிட்ட தோல் ஈரத்தில் 75 முதல் 85 டிகிரியில் சுருங்கும். குரோமியத் தோல் கொதிநீரையே தாங்கும். பதனிட்டதும் அது வெளிர் நீலமாக இருக்கும்; பிறகு சாயம் ஏற்றுவார்கள். இன்று உலகில் செய்யப்படும் தோலில் பெரும்பகுதி குரோமியத் தோலே.

பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அது அவ்வளவு பொல்லாதது அல்ல. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம்தான் நஞ்சு. புற்றுநோய் உண்டாக்குவது, தோலில் அரிப்பும் புண்ணும் தருவது. தோலைச் சரியாகப் பதனிடாவிட்டாலோ, பொருத்தமில்லாத எண்ணெய் சேர்த்தாலோ, வெப்பத்தில் வைத்தாலோ முதல் வகையில் சிறு பகுதி இரண்டாவதாக மாறக்கூடும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், உடலில் படும் தோல் பொருள்களில் ஆறு இணைதிறன் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2015 மே முதல் தடை விதித்திருக்கிறது. காதுத் துளையை ஒட்டி நாள் முழுதும் கிடக்கும் தோட்டுக்கு இது முக்கியம்.

ஆற்றுக்கு அது இன்னும் முக்கியம். நிலப்படத்தை விரித்துப் பாலாற்றின் மேல் விரலை வைத்துக் கீழே வாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை. இந்தத் தடத்தில்தான் தமிழ்நாட்டின் தோல் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை இருக்கின்றன. இராணிப்பேட்டையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் காஞ்சிபுரம். மேலே தோல், கீழே பட்டு. நடுவே ஒரே ஆறு. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடந்தாலும் மணலுக்கடியில் ஓடும் நீரைத்தான் கரையோர ஊர்கள் நம்பியிருந்தன.

பதனிடும் தோல் ஒரு கிலோவுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமாகவோ ஓரளவோ கெட்டுவிட்டது. உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் அளித்த தீர்ப்பில் உள்ள விவரங்கள் இவை. அப்போது காஞ்சிபுரம் அடங்கியிருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உள்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றி நின்றது இந்த வழக்கில்தான். ஆனாலும் பிரச்சினை தீரவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றுக்காகத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இராணிப்பேட்டையில் 1970களில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலையின் வளாகத்தில், ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு விடப்பட்டது. அது ஆறு இணைதிறன் வகையைச் சேர்ந்தது.

அப்படியானால் பட்டை வழிதான் உத்தமம் என்று சொல்லிவிடலாமா? நான் சொல்லமாட்டேன். உப்பும் சுண்ணாம்பும் இரண்டு வழிக்கும் பொது. பாலாற்றுக் கிணறுகளை உவர்ப்பாக்கியதில் அந்த உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. பட்டைச் சாற்றின் கழிவும் பழுப்பாக ஓடி நீரின் ஆக்சிஜனைக் குடிக்கிறது. பட்டையை உரித்தால் செடி என்னாகும் என்றும் கேட்க வேண்டும். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தண்ணீர் சேர்க்காமலே குரோமியம் ஏற்றும் முறையொன்றை உருவாக்கியிருக்கிறது. அத்தகைய முறைகள் எவ்வளவு விரைவாகத் தொழிற்சாலைகளுக்குள் போகின்றன என்பதில்தான் ஆற்றின் கதை இருக்கிறது.

இரண்டு தோடுகள் சேர்ந்து 3 கிராம் என்றால், அந்த 35 லிட்டர் கணக்குப்படி ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் தண்ணீர், அரை டம்ளர். சிறிய அளவுதான். அதையும் மிச்சப்படுத்தலாம்: தோட்டுக்கென்று புதுத் தோல் வாங்காதீர்கள். செருப்பு, பை செய்யும் இடங்களில் மேசைக்கடியில் கிடக்கும் வெட்டுத் துண்டே போதும். உள்ளங்கை அளவு இருந்தால் ஒரு ஜோடி தேறும்.

கிடைத்தது எந்தத் தோல்?

உங்கள் ஊரில் செருப்புத் தைப்பவரிடம் கேட்டால் துண்டுகள் கொடுப்பார். தொட்டுப் பார்த்தே இது எந்த வகை என்றும் சொல்லிவிடுவார். உங்களுக்கு அந்தக் கை வர நாளாகும். அதுவரை சோதனைகள் இருக்கின்றன.

வெட்டு வாயைப் பாருங்கள். நீலமோ சாம்பல் நிறமோ தெரிந்தால் பெரும்பாலும் குரோமியம். பழுப்பாக இருந்தால் பட்டை. உள்ளேவரை சாயம் ஏற்றியிருந்தால் இது ஏமாற்றும். அப்போது ஒரு சிறு கீற்றை வெட்டிக் கொதிநீரில் ஒரு நிமிடம் போடுங்கள். சுருண்டு விறைத்தால் பட்டைத் தோல். அப்படியே கிடந்தால் குரோமியத் தோல். கிடுக்கியால் எடுங்கள், கையை விடாதீர்கள்.

எனக்குப் பிடித்த சோதனை வேறு. துருப்பிடித்த நாலைந்து ஆணிகளை வினிகரில் போட்டு ஒரு வாரம் வையுங்கள். பாட்டிலை இறுக மூடக்கூடாது. ஹைட்ரஜன் வாயு வெளியேற வேண்டும். கிடைப்பது இரும்பு அசிட்டேட்டுக் கரைசல். அதில் ஒரு சொட்டைத் தோலின் மேல் வைத்தால், பட்டைத் தோல் கண்ணெதிரே கறுக்கும். இரும்பும் டானினும் சேர்ந்த கறுப்பு அது. பழங்காலத்து எழுதும் மையும் இதே சேர்க்கைதான். கடுக்காய் டானினானால் நீலம் கலந்த கறுப்பு, ஆவாரம்பட்டையானால் பச்சை கலந்த கறுப்பு வரும். குரோமியத் தோலில் இப்படிக் கறுக்காது.

எரித்துச் சாம்பலின் நிறத்தைப் பார்க்கும் ஒரு சோதனையைச் சிலர் சொல்வார்கள். அதைச் செய்யவேண்டாம். குரோமியத் தோலை எரித்தால் நச்சு வகைக் குரோமியம் உண்டாகும்.

தோடு செய்தல்

தோட்டுக்குப் பட்டைத் தோலே ஏற்றது. காரணம் பின்னால் தெரியும். 1 முதல் 1.5 மி.மீ. தடிமன் போதும். பழைய அழைப்பிதழ் அட்டையில் இலை வடிவத்தை வெட்டி, தோலின் பின்புறத்தில் வைத்துப் பேனாவால் வரையுங்கள். இரண்டு இலைக்கும் தோலின் ஒரே பகுதியை எடுங்கள். முதுகுப் பகுதியில் நார் அடர்த்தியாகவும் வயிற்றுப் பகுதியில் தளர்ந்தும் இருக்கும். ஒன்றை அங்கும் ஒன்றை இங்கும் வெட்டினால் ஜோடியில் ஒன்று தொய்ந்து நிற்கும். மரப் பலகையின் மேல் வைத்துக் கூரிய கத்தியால், அல்லது நல்ல கத்தரியால் வெட்டலாம். கத்தி கூராக இல்லாதபோதுதான் கை வழுக்கி விரலில் படும். வளைவில் கத்தரியைத் திருப்பாமல் தோலைத் திருப்புங்கள்.

துளை போடும்போது குத்தூசியால் குத்தினால் நார்கள் விலகி நிற்கும். பிறகு மெல்ல மூடிக்கொள்ளும். வட்டமாக வெட்டி எடுக்கும் துளைக்கருவியால் போட்டால் துளை நிலைக்கும். விளிம்பிலிருந்து குறைந்தது 4 மி.மீ. உள்ளே தள்ளிப் போடுங்கள்.

இனிதான் பட்டைத் தோலின் வித்தை. இலையைச் சில நொடி தண்ணீரில் நனைத்து, துணியில் ஒற்றி, நடு நரம்பு வரும்படி விரலால் அழுத்தி வளையுங்கள். எழுத்தாணி போன்ற மொட்டை முனையால் கிளை நரம்புகளையும் கீறலாம். நிழலில் உலர்த்தினால் அந்த வடிவிலேயே நிற்கும். தண்ணீர் நுழைந்ததும் நார்களுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுக்கொடுக்கின்றன; உலரும்போது புதிய இடங்களில் மறுபடி பற்றிக்கொள்கின்றன. குரோமியத் தோல் பஞ்சு போல மீண்டு பழைய வடிவுக்கே போய்விடும். விளிம்பை ஈரத்துணியால் தொட்டு வழவழப்பான மரத்துண்டால் விரைந்து தேய்த்தால் நார்கள் படிந்து கண்ணாடி போல மினுங்கும். இதுவும் பட்டைத் தோலில்தான் நடக்கும்.

நிறம் வேண்டுமா? காஞ்சிபுரத்தில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. பட்டுக்கு ஏற்றும் அமிலச் சாயங்கள் தோலிலும் ஏறும். இரண்டும் புரதம், சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் அமினோ தொகுதிகள் இரண்டிலும் உண்டு. ஆனால் பட்டை நனைப்பது போலக் கொதிக்கும் தொட்டியில் தோலை நனைக்கக்கூடாது என்பது இப்போது உங்களுக்கே தெரியும். ஆறிய சாயத்தைத் துணியால் தொட்டுத் தடவுங்கள். விளிம்பில் துளைகள் போட்டு மிச்சப் பட்டு நூலைக் கோத்தாலும் அழகாகத்தான் இருக்கும். கறுப்பு வேண்டுமென்றால் ஆணி வினிகர் இருக்கவே இருக்கிறது. மெல்லிய தூரிகையால் நரம்புகளை மட்டும் வரைந்து, சில நிமிடத்தில் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அமிலம் தங்கினால் நாளடைவில் தோல் நொறுங்கும்.

கடைசியாகக் கொக்கி. காதில் உண்மையில் நுழைவது அதுதான். மலிவான கொக்கிகளின் பூச்சில் நிக்கல் இருக்கலாம். வியர்வையில் நிக்கல் கரைந்து தோலுக்குள் போய் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் விடாது. காது குத்திய புதிதில் இந்த ஆபத்து அதிகம். காது அரித்தால் தோலைக் குறை சொல்லுமுன் கொக்கியை மாற்றிப் பாருங்கள். வெள்ளிக் கம்பியில் கொக்கி வளைப்பது காஞ்சிபுரத்துப் பொற்கொல்லருக்கு ஒரு நிமிட வேலை.

குளிக்கும்போது தோட்டைக் கழற்றி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மூடிய டப்பாவில் போட்டு வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். டானின் பாக்டீரியாவைத் தடுக்குமே தவிரப் பூஞ்சணத்தை அவ்வளவாகத் தடுக்காது. காற்றாடத் தொங்கவிட்டால் போதும். பூத்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து ஒரு மணி நேரம் இளவெயில் காட்டுங்கள்.